விளையாட்டு: கேளுங்கள், சொல்கிறோம்

கே: வீரருக்கு ஏஜென்ட் என்ற தொழிலைத் தொடங்கிவைத்தவர் யார்? (மதுரை வாசகர்)

ப: அமெரிக்காவில் முதலில் பெயர் வாங்கியவர் சி.சி.பைல். இலினாய் மாநிலம் ஷாம்பெயினில் சினிமா தியேட்டர் நடத்தியவர். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச் 1925 நவம்பர் 21-ல் கடைசி கல்லூரி ஆட்டம் ஆடினார். மறுநாளே அவரை சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்த்துவிட்டார் பைல். வெறும் சம்பளத்தோடு விடாமல் டிக்கெட் வசூலில் பங்கு கேட்டதுதான் கெட்டிக்காரத்தனம். தியேட்டர்காரர் அல்லவா! டிசம்பர் 6-ல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு 65,000 பேருக்குக் குறையாமல் வந்தார்கள். தொப்பி, பொம்மை, மிட்டாய்க்கும் கிரேஞ்ச் பெயரை விற்றார்.

சிக்கலும் அதிலேயே இருந்தது. 18 நாளில் 10 ஆட்டம். கையில் அடிபட்டு டெட்ராய்ட்டில் கிரேஞ்ச் இறங்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

கே: டென்னிஸிலும் இருந்தாராமே? (திருச்சி வாசகர்)

ப: ஆமாம். 1926-ல் பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை சுசான் லாங்லெனை அமெச்சூர் (பணம் வாங்காத) ஆட்டத்திலிருந்து அழைத்துவந்து அமெரிக்கா முழுக்க ஆடவைத்தார். விம்பிள்டனில் அப்போது அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம்; அதோடு லாங்லெனுக்கு அந்தக் கதவு மூடியது.

கே: அவர் நடத்திய ஓட்டப் பந்தயம் ஏன் நஷ்டமானது? (கோவை வாசகர்)

ப: சாலைக்கு கேட் போட முடியாது, அவ்வளவுதான். 1928 மார்ச் 4-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 199 பேர் கிளம்பினார்கள். நியூயார்க் வரை சுமார் 3,400 மைல். தினம் ஓர் ஊரில் நிறுத்தம். அன்றன்றைய நேரத்தைக் கூட்டிக் கணக்கு. நுழைவுக் கட்டணம் 25 டாலர். பாதியில் விட்டால் ஊர் திரும்ப என்று 100 டாலர் முன்பணம். வேடிக்கை பார்ப்பவர்கள் வாசலில் நின்று இலவசமாகவே பார்த்துவிட்டார்கள். ஆகவே தங்கும் ஊர்கள் தரும் கட்டணத்தையும், 66-ஆம் எண் நெடுஞ்சாலைச் சங்கம் விளம்பரத்துக்காகச் சொல்லியிருந்த 60,000 டாலரையும் நம்பினார் பைல். சில ஊர்கள் கைவிரித்தன. சங்கத்தின் பணமும் வரவில்லை. ஓட்டக்காரர்களுக்குச் சாப்பாடு, படுக்கை, வண்டிச் செலவோ தினமும் ஏறிக்கொண்டே போனது.

84 நாள் கழித்து வந்து சேர்ந்தவர்கள் 55 பேர். ஜெயித்த ஓக்லஹோமா இளைஞர் ஆண்டி பெய்னுக்கு 25,000 டாலரை எப்படியோ புரட்டிக் கொடுத்தார். அடுத்த வருடமே எதிர்த்திசையில் இன்னொரு பந்தயம்! அதில் ஜானி சாலோ வெறும் 2 நிமிடம் 47 விநாடி வித்தியாசத்தில் முதலில் வந்தார். அறிவித்த பரிசை பைலால் கொடுக்க முடியவில்லை.