ஒரு கொப்பியில் ஆறு பிழைகள்

அன்பின் ஆசிரியருக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகன் தரம் 3, தமிழ் மொழிமூலம். சொல்வதெழுதலில் இருபதுக்கு ஏழு, எட்டுத்தான் எடுக்கிறான். பிழைவிட்ட சொல்லைப் பத்துத் தரம் எழுத வைக்கிறேன். அடுத்த கிழமை அதே பிழை. கடைசியாக விட்ட பிழைகள் இவை: வன்டி, பயிற்ச்சி, மளை, 'அவள் வந்தால்' (வந்தாள் என்பதற்கு), கடைக்கு போனான், நான் போட்டு வந்தன். பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பான். வேறு கதைப் புத்தகம் கொடுத்தால் திக்குகிறான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள்களை இப்போதே தொடங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு தாய்

அன்பின் சகோதரிக்கு,

பத்துத் தரம் எழுத வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மகன் எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பத்து வரிக்கும் 'ம' போடுவார்கள், பிறகு மேலிருந்து கீழாக 'ழை' போடுவார்கள். கை எழுதுகிறது, 'மழை' என்ற முழுச்சொல் ஒரு தடவைகூட மனதுக்குள் போவதில்லை.

நீங்கள் பிழைகளை அப்படியே எழுதி அனுப்பியது மிகவும் நல்லது. ஆறும் ஆறு காரணத்தால் வந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றும் மாறாது.

'வன்டி' விதியால் தீரும். ட வுக்கு முன் வரும் மூக்கெழுத்து ண், ற வுக்கு முன் ன், த வுக்கு முன் ந்: வண்டி, கன்று, பந்து. இதை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். 'வண்டி' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ண் சொல்லும்போதே நாக்கு மேலே வளைந்துவிடும். அதை எடுக்காமலே டி வரும். பிள்ளை அதைத் தன் வாய்க்குள் உணர வேண்டும். சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொன்னால் ந, ன, ண குழப்பத்தில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது அண்ணன், என்ன, கிணறு, வானம் போன்ற சொற்கள். அவற்றைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

'பயிற்ச்சி' கவனக்குறைவு அல்ல. பார்த்தான், காய்ச்சல், வாழ்க்கை என்று ர், ய், ழ் ஆகியவற்றுக்குப் பின் இன்னொரு ஒற்று வருவதைப் பிள்ளை கண்டிருக்கிறான்; அதை இங்கேயும் போட்டுவிட்டான். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது: கட்சி, நட்பு, பயிற்சி, கற்கண்டு. ஒரு தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் 'பார்த்தான்' வகை, மறுபக்கம் 'பயிற்சி' வகை என்று எட்டெட்டுச் சொற்களை அவனே பிரித்து எழுதட்டும்.

'மளை' வேறு விதம். நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காது உதவாத இடத்தில் 'நன்றாகக் கேட்டு எழுது' என்பதில் பயனில்லை. கிழமைக்கு நான்கு ழகரச் சொற்கள் போதும், ஆனால் குடும்பமாகக் கொடுங்கள்: எழு, எழுந்தான், எழும்பினான், பழகு, பழக்கம், பழகினாள். அடிச்சொல்லில் ழ பதிந்துவிட்டால் மற்றவை கூடவே வரும். நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போது ழகரத்தைச் சரியாக ஒலித்துக் காட்டுங்கள்.

'அவள் வந்தால்' எழுத்துப்பிழைபோலத் தெரிந்தாலும் இலக்கணப் பிழை. பேச்சில் இரண்டும் 'வந்தா' என்று முடிந்துவிடுவதால் பிள்ளைக்கு வித்தியாசம் கேட்பதில்லை. வாக்கியம் அங்கே முடிந்தால் ள், 'வந்தால் என்ன?' என்று இன்னும் ஏதோ மிச்சமிருந்தால் ல். இதோடு நான், நீ, அவன், அவள், அவர்கள், அது, அவை என்று ஏழு அட்டைகள் வெட்டி வையுங்கள். ஓர் அட்டையை எடுத்து 'ஓடு' என்பதை அதற்கு ஏற்ப முடிக்க வேண்டும்: அவள் ஓடினாள், அவை ஓடின. 'நாய்கள் ஓடினது' என்று எழுதும் வழக்கமும் இந்த விளையாட்டில் திருந்தும். இந்த வயதுக்கு இலக்கணம் என்றால் இதுதான். வரைவிலக்கணங்கள் பிறகு வரட்டும்.

'கடைக்கு போனான்' என்பதற்கு இப்போதைக்கு இரண்டு விதி போதும். -ஐ, -க்கு என்ற வேற்றுமை உருபு சேர்ந்து முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வில் தொடங்கும் சொல் வந்தால் நடுவே ஒற்று வரும்: பாலைக் குடித்தான், கடைக்குப் போனான். வல்லினம் மிகும் இடங்களை முழுப் பட்டியலாகக் கொடுத்தால் பிள்ளை கண்ட இடத்திலெல்லாம் க், ச் போடத் தொடங்குவான்.

கடைசிப் பிழையைச் சிவப்புப் பேனையால் வெட்டாதீர்கள். 'நான் போட்டு வந்தன்' அவன் வீட்டில் கேட்கும் தமிழ். காதில் விழுந்ததை ஒழுங்காகவே எழுதியிருக்கிறான். கொழும்பு வகுப்பறை ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் வீட்டுப் பேச்சு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இவற்றில் எதையும் பிழை என்று சொன்னால் பிள்ளை எழுதப் பயப்படுவான். மூன்று சொல்லில் வாக்கியத்தை முடித்துக்கொள்வான். கொப்பியை நடுவில் கோடிட்டு இடப்பக்கம் 'கதைக்கும்போது', வலப்பக்கம் 'எழுதும்போது' என்று தலைப்பிடுங்கள். போட்டு வந்தன் – போய்விட்டு வந்தேன். தெரியேல்ல – தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சோடி. இடப்பக்கத்தை அவன் சொல்லட்டும், வலப்பக்கத்தை இருவரும் சேர்ந்து தேடுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் தெரிந்த பொருட்களின் தமிழ்ப் பெயர்களையும் இதே கொப்பியில் சேர்க்கலாம். புதுச்சொல் கிழமைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் அவன் சொந்த வாக்கியம் இரண்டில் பயன்படுத்தினால்தான் அது அவனுடையது.

சொல்வதெழுதலுக்கு ஒரு தடவையில் பத்துச் சொல் போதும்: ஒரே வகைச் சொல் ஆறு, பழைய பிழைகள் நான்கு. சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கையால் மூடி, எழுதி, திறந்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவது அவன் வேலை. பிழையான எழுத்தை மட்டும் வட்டமிட்டு, முழுச்சொல்லை ஒரே ஒரு தடவை திருத்தி எழுதட்டும். மூன்று நாள் கழித்து அதே சொல்லைத் திரும்பக் கேளுங்கள். அன்று சரியாக வந்தால்தான் தெரிந்த சொல். காலி வீதியில் காணும் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கு முன்மாதிரியாகக் காட்டாதீர்கள், தமிழ்ப் பிழை மலிந்த இடம் அது.

இனி வாசிப்பு. பாடப் புத்தகத்தை அவன் மனப்பாடமாகச் சொல்கிறான் என்றே நினைக்கிறேன். சோதிக்க வழி உண்டு. தெமு, கோடிலு, நீபை, நுகூசோ என்று பொருளில்லாத பத்துச் சொற்களை எழுதிக் கொடுங்கள். இரண்டுக்கு மேல் தடுக்கினால் உயிர்மெய் இன்னும் உறுதியாகவில்லை. கெ, கே, கை போன்றவற்றில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருவது பல பிள்ளைகளுக்கு இடறும். அதைவிடக் கடினம் உகர வரிசை, ஏனென்றால் ஒரே ஒலிக்கு வடிவம் பலவிதம். கு டு மு ரு ழு ளு ஒரு கூட்டம், சு பு யு வு ஒரு கூட்டம், து நு லு று ணு னு ஒரு கூட்டம். அகரவரிசைப்படி சொல்லாமல் கூட்டம் கூட்டமாகப் பழக்குங்கள்.

அதன்பின் அறுபது சொல் அளவில் ஒரு பந்தியை எடுத்து நான்கு நாள் வாசியுங்கள். முதல் நாள் நீங்கள் வாசிக்க அவன் விரலால் தொடர வேண்டும். இரண்டாம் நாள் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. நீண்ட சொல்லில் நின்றால் உடைத்துக் காட்டுங்கள்: வாசித்து – க்கொண்டு – இருந்தான். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது நிமிடம்.

வினாத்தாள்களை இப்போது தொடவேண்டாம். கேள்வியைத் தடுக்காமல் வாசிக்க முடியாத பிள்ளை அங்கே விடையை ஊகிக்கத்தான் பழகுவான். முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள், காதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் பழக்கியும் அந்தப் பொருளில்லாச் சொற்களில் முன்னேற்றம் இல்லையென்றால், வகுப்பாசிரியரிடம் கொப்பியைக் காட்டிப் பேசிவிட்டு, சிறுவர் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.