பங்கு வணிகத்தில் விதிகளை அறிந்திருந்தும் பொறுமையையும் கட்டுப்பாட்டையும் காக்க முடியாமல் போவது ஏன்?

கேள்வி கேட்டவர், தமக்கு ஸ்டாப் லாஸ் (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் விற்று வெளியேறும் ஆணை) வைக்கத் தெரியும், ஒரு நாளில் எவ்வளவு வரை இழக்கலாம் என்ற கணக்கும் தெரியும், ஆயினும் காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் எல்லாம் கைவிட்டுப் போகிறது, பொறுமையை எங்கே கற்பது என்று கேட்டிருக்கிறார். 2024 ஜூன் மாதத்தில் நான் கேட்டிருந்தாலும் ஏறத்தாழ இதே சொற்களில்தான் கேட்டிருப்பேன். நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்றும், கணக்கில் போட்டிருக்கும் பணம் வேறொரு செலவுக்காகச் சேர்த்தது என்றும், இழந்த முழுத் தொகையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரை கீழமாசி வீதியில் வத்தலும் பருப்பும் மொத்த விற்பனை செய்யும் ஒரு கடையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வரத்து கூடினால் விலை இறங்குவதையும், இருப்பு வைத்தவர் மாதக் கணக்கில் காத்திருந்து விற்பதையும் தினமும் பேரேட்டில் பதிபவன். ஆகவே பொறுமை என்ற குணம் என்னிடம் இயல்பாகவே உண்டு என்று நம்பினேன். கடையில் சரக்கு விலை குவிண்டாலுக்கு ஐந்நூறு ரூபாய் இறங்கினாலும் பதறாத நான், கைபேசித் திரையில் ஐம்பது புள்ளி இறங்கினால் வியர்த்துப் போவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

2024 மக்களவைத் தேர்தல் முடிவுக்கு முன்தினம், ஜூன் 3 திங்கட்கிழமை, வாக்குக் கணிப்புகளை நம்பி, ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,263-இல் முடிந்தது. அன்று பிற்பகல், கடையில் சிட்டை எழுதும் மேசையிலேயே உட்கார்ந்து, 23,200 அளவில் இரண்டு லாட் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வாங்கினேன். முழு விலை கட்டாமல், மார்ஜின் என்ற முன்பணம் மட்டும் கட்டி, வரும் ஒரு தேதிக்கு வாங்கும் ஒப்பந்தம் அது. ஒரு லாட் என்ற கட்டுக்கு அப்போது 25 அலகு என்பதால், கையில் கட்டிய மார்ஜினைக் கொண்டு பதினொன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்புள்ள ஒன்றைப் பிடித்திருந்தேன். அந்த மார்ஜின் பணம் என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக எடுத்து வைத்தது. 23,000-இல் ஸ்டாப் லாஸ் என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். இழந்தால் பத்தாயிரம் ரூபாய். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை வாக்கு எண்ணிக்கை தொடங்கியதும் விலை சரியத் தொடங்கியது. 23,000-ஐ நெருங்கிய சில நிமிடங்களில், அந்த விலைக்கு வைத்திருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டரை நான் நீக்கினேன். எண்ணிக்கை நாளில் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், முதல் சுற்று முடிவுகளைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது விதிமீறலாக எனக்குத் தோன்றவே இல்லை. அனுபவமுள்ள ஒருவன் நிதானமாக எடுத்த முடிவாகவே தோன்றியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டுப்பாடு உடையும்போது அது உடைகிற சத்தம் கேட்பதில்லை, அதற்கு மாறாக மனம் மிகத் தெளிவாக இருப்பது போன்ற உணர்வுதான் வருகிறது. 22,700, 22,300, 21,900 என்று இறங்க இறங்க, விற்றால் இழப்பு உறுதியாகிவிடும் என்ற ஒரே காரணத்தால் விற்காமல் இருந்தேன். நண்பகல் கடந்து மார்ஜின் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தபோது, கட்ட வேறு பணமில்லாமல் 21,500 அளவில் விற்றேன். இழப்பு 85,000 ரூபாய். அன்று நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,884-இல் முடிந்தது.

புதன்கிழமை நான் செய்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில், இன்னும் சரியும் என்று எண்ணி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் 18,000 ரூபாய்க்கு, சந்தை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன் வாங்கினேன். அன்று சந்தை எழுநூறு புள்ளிக்கு மேல் ஏறியது. வியாழக்கிழமை அந்த ஆப்ஷனின் கெடு முடிந்தது, போட்ட பணம் முழுவதும் போயிற்று. வெள்ளிக்கிழமை, ஜூன் 7, நிஃப்டி 23,290-இல் முடிந்தது. நான் வாங்கிய விலைக்கும் மேலே.

இந்த இடத்தில்தான் பலரும் எனக்கு அறிவுரை சொன்னார்கள். மூன்று நாள் பொறுத்திருந்தால் லாபமே வந்திருக்குமே, உனக்குப் பொறுமை இல்லை என்றார்கள். பல வாரங்கள் நானும் அதை நம்பி என்னையே நொந்துகொண்டேன். பிறகு ஒருநாள், இருப்புக் கணக்கு சரிபார்க்கும்போது, எங்கள் கடை முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் பங்குச் சந்தை பற்றி எதுவும் அறியாதவர். வத்தல் விலை விழுந்த ஓர் ஆண்டில், ஒரே விலைக்குக் கொள்முதல் செய்து, ஒரே குளிர்பதனக் கிடங்கில் இருப்பு வைத்த இரண்டு வியாபாரிகளைப் பற்றி அவர் சொன்னார். ஒருவர் கைமுதலில் வாங்கியவர், மற்றவர் வட்டிக்கு எடுத்து வாங்கியவர். இரண்டாமவர் இரண்டு மாதத்தில் நட்டத்துக்கு விற்றார். முதலாமவர் விலை திரும்பும்வரை வைத்திருந்து விற்றார். ஊரார் ஒருவரைப் பொறுமைசாலி என்றும் மற்றவரை அவசரக்காரர் என்றும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அண்ணாச்சி சொன்னது இதுதான்: “அவனுக்கும் பொறுமை இருந்துச்சு தம்பி, வட்டிக்காரனுக்குத்தான் இல்ல.”

என் பதில் முழுவதும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கிய பங்கை வைத்திருப்பவர் ஜூன் 4 அன்று வேலையைப் பார்த்துக்கொண்டு ஜூன் 7 வரை காத்திருக்க முடிந்தது. என்னால் முடியாது. ஃபியூச்சர்ஸில் ஒவ்வொரு நாளின் இழப்பும் அன்றன்றே கணக்கிலிருந்து கழிக்கப்படும். மார்ஜின் குறைந்தால் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் தரகு நிறுவனமே விற்றுவிடும். காத்திருக்கும் உரிமையை வாங்கும்போதே விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு பொறுமை வரவில்லையே என்று மனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தகைய இடத்தில் காக்க வேண்டியிருந்தது 23,000 என்ற அந்த ஓர் எண்ணை மட்டுமே. அதை நீக்கிய பிறகு நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்துக்குப் பிடிவாதம் என்று பெயர்.

அந்தப் பிடிவாதம் எனக்கு மட்டும் உரிய குணக்கேடு என்றும் நான் இப்போது நினைக்கவில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானெமானும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் லாபத்தில் இருக்கும்போது உறுதியானதைக் கையில் எடுத்துக்கொள்ள விரும்புவதையும், இழப்பில் இருக்கும்போது அதை ஏற்காமல் மேலும் பெரிய ஆபத்தை விரும்பி ஏற்பதையும் காட்டியது. ஏறிய பங்கை அவசரமாக விற்பதும் இறங்கிய பங்கை விடாமல் பிடித்திருப்பதும் முதலீட்டாளரிடம் காணப்படும் பழக்கம் என்று 1985-இல் நிதியியல் ஆய்வாளர்கள் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் எழுதினார்கள். என் பழைய ஒப்பந்தச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, ஆயிரம் ரூபாய் லாபத்தை அரை மணி நேரம் கூட நான் தாங்கியதில்லை என்பதும், இழப்பைச் சுமந்தபடி நாள் முழுவதும் இருந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. 2024 செப்டம்பரில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள். சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். அந்த ஆய்வில் என்னை உறுத்திய விவரம் வேறொன்று. தொடர்ந்து இழந்தவர்களில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதன் பின்னும் வணிகத்தை நிறுத்தவில்லை.

அப்படியானால் பங்குச் சந்தையே சூதாட்டம் என்கிறீர்களா என்று யாராவது கேட்கக்கூடும். அப்படிச் சொல்லவில்லை. இன்றும் என்னிடம் பங்குகள் இருக்கின்றன. ஃபியூச்சர்ஸில் ஒழுங்காகச் சம்பாதிப்பவர் எவருமில்லை என்றும் சொல்லவில்லை. மீதமுள்ள ஏழு விழுக்காட்டில் நீங்கள் இருந்தால் மகிழ்ச்சி. நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகனும் இல்லை. ஒரு கணக்கப்பிள்ளை தன் கணக்கைச் சொல்கிறான், அவ்வளவே.

ஒரு குறையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இழப்புக்குப் பிறகு, நகரில் ஒரு விடுதி அரங்கில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு 12,000 ரூபாய் கட்டிச் சென்றேன். தலைப்பு, வணிகருக்கான மனக்கட்டுப்பாடு. திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிறைய இருந்தார்கள். என் அருகில் இருந்தவர் வீட்டு நகையை அடகு வைத்த பணத்தில் ஆப்ஷன் வணிகம் செய்துகொண்டிருந்தார். இரண்டு நாளும், உத்தி சரியானது, உங்கள் மனம்தான் பலவீனமானது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்தப் பணத்தில் செய்கிறாய் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அடகு வைத்த நகைக்கு மாதந்தோறும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனிடம், மூச்சைக் கவனி, பதற்றத்தை விடு என்று சொல்வது பெரிய அநியாயம் என்று எனக்குப் படுகிறது. 2025 ஜனவரியில் செபி, சந்தைக் கல்வி மட்டுமே தருவதாகச் சொல்பவர்கள் கடைசி மூன்று மாத விலை விவரங்களைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வெளியிட்டது. அதை வரவேற்கிறேன். ஆனால், உன் மனம்தான் குற்றவாளி என்று சொல்லி மறு வகுப்புக்கும் பணம் வாங்கும் பேச்சைத் தடுக்க எந்தச் சுற்றறிக்கையாலும் இயலாது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வசதியைத் தரகு நிறுவனத்தில் உள்ள வணிகக் கணக்கிலேயே முடக்கிவிட்டேன். முழுப் பணம் கட்டி வாங்கும் பங்குகள் மட்டும்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, எதை, என்ன விலைக்கு, எத்தனை வாங்குவது, எந்த விலை வந்தால் தவறென்று ஒப்புக்கொண்டு வெளியேறுவது என்று நாள்வழிக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். அதை என் மனைவி படிக்கிறார். அவருக்குப் பங்கு தெரியாது. ஆனால் நேற்று எழுதிய எண்ணும் இன்று எழுதிய எண்ணும் மாறியிருந்தால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது, எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்வதைவிடப் பல மடங்கு கடினம். பிறகு அந்த விலைகளுக்கு ஜிடிடி ஆர்டர்களை, அதாவது குறித்த விலை வரும்வரை நாட்கணக்கில் நிலைத்திருக்கும் ஆணைகளை, வைத்துவிடுவேன். கடைக்குப் பொத்தான் கைபேசியை மட்டும் எடுத்துச் செல்கிறேன், பிற்பகல் 3.30-க்குச் சந்தை மூடும்வரை ஆர்டரை மாற்ற வழியே இல்லை.

இவ்வாறு செய்ததால் லாபம் பெருகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு வாரத்தில் செய்த வணிகங்களின் எண்ணிக்கை இப்போது ஒரு மாதத்துக்குக் கூட வருவதில்லை. காத்திருக்கும் நாட்களில் கை சும்மா இருக்காது என்ற தவிப்பு முதல் மூன்று மாதங்கள் மிகக் கடுமையாக இருந்தது. தேநீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விளக்குத்தூண் வரை நடந்து திரும்பிய நாட்கள் பல. இரண்டு முறை விதியை மீறியும் இருக்கிறேன். ஒருமுறை பொங்கல் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, மறுமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது. இரண்டு முறையும் சந்தை நேரத்தில் வணிகம் செய்யும் அந்தப் பெரிய கைபேசி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குறிப்பேட்டில் அந்த இரண்டு வரிகளுக்கும் கீழே என் மனைவி சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். இப்போது விடுமுறை நாட்களில் அந்தக் கைபேசியைக் காலை ஒன்பது மணிக்கே அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.