ஊசியைக் கண்டால் மயக்கமா? உடம்பைத் தளர்த்தாதீர்கள், இறுக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. சின்ன வயதிலிருந்தே ஊசி, ரத்தம் என்றால் ஆகாது. லேப்பில் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வரும். மயங்கி விழுந்ததும் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எனக்கும் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டு ஒரு வருடமாகப் பர்ஸிலேயே கிடக்கிறது. மூச்சை இழுத்துவிட்டு ரிலாக்ஸாக இருக்கச் சொல்கிறார்கள், செய்தும் பலனில்லை. என்ன வழி?
- வாசகர், ஈரோடு

பதில்: பலன் கிடைக்காததில் வியப்பில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு பயத்துக்கான வைத்தியம்.

நாய் துரத்தினாலும் சரி, மேடையேறிப் பேசினாலும் சரி, அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதனால்தான் மேடைப் பயத்தில் கை கால் உதறுமே தவிர, மயங்கி விழுபவர்கள் அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயம் மட்டும் தனி ரகம். முதலில் வழக்கம்போல அழுத்தம் ஏறுகிறது. அப்புறம் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு குறுக்கே புகுந்து இதயத் துடிப்பைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்களும் விரிகின்றன. அழுத்தம் சட்டென்று சரிந்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. காது அடைக்கிறது, ஆள் சாய்கிறார். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குடும்பத்தில் பலருக்கு வருவதும் இந்தப் பயத்தில் சற்று அதிகம். வீட்டில் விசாரித்துப் பாருங்கள், ஒரு சித்தப்பாவோ அத்தையோ அகப்படலாம்.

ஏற்கெனவே சரியப்போகும் அழுத்தத்தை, உடம்பைத் தளர்த்தி இன்னும் இறக்குவானேன்? வேகவேகமாக மூச்சு வாங்கினால் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது நேர் எதிரானது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-ஜோரன் ஓஸ்ட் 1980களில் இதற்காகவே ஒரு தசைப் பயிற்சியை வகுத்தார். இன்றும் நாங்கள் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

நாற்காலியில் உட்காருங்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை ஒருசேர இறுக்கி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, அதாவது 10 முதல் 15 நொடி, அப்படியே வையுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். பிறகு விடுங்கள்; துவண்டுபோகும் அளவுக்கு வேண்டாம், சாதாரணமாக உட்காரும் நிலைக்கு வந்தால் போதும். அரை நிமிடம் கழித்து மறுபடி. இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று. ஒரு வாரம் தினமும் நாலைந்து சுற்று செய்தால் உடம்பு பழகிவிடும். பிபி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்த வாரம் யூடியூபில் ரத்தம் எடுக்கும் வீடியோவைப் போட்டு, தலை லேசாகச் சுற்றத் தொடங்கும்போதே இறுக்கிப் பழகுங்கள். அப்புறம் வீட்டில் யாருக்காவது டெஸ்ட் இருந்தால் துணைக்குப் போய் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

உங்கள் முறை வரும் நாளில் ஒரு சௌகரியம்: ஹெச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கால் மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள், அதுவும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். லேப்பில் கூச்சப்படாமல், “எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுப்பவர்களுக்கு இது புதிதில்லை. சொல்லாமல் விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதுதான் அவர்களுக்குத் தலைவலி. ஊசி ஏறும் கையைத் தளர்வாக விட்டு, கால்களையும் மறு கையையும் மட்டும் இறுக்குங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் படுத்திருங்கள், உடனே வண்டியை எடுக்க வேண்டாம். அதையும் மீறி மயங்கினால், கூட வருபவர் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. படுத்தபடியே கால்களை உயர்த்திப் பிடித்தால் போதும்.

ஓடும்போதோ, படியேறும்போதோ, காரணமே இல்லாமலோ மயக்கம் வந்தாலும், கூடவே நெஞ்சுவலி இருந்தாலும், அது இந்தக் கணக்கில் சேராது. அதற்கு முதலில் ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அந்தப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது.