ரெஜெக்ஸ் சொன்ன பேச்சைக் கேட்க: டர்பனிலிருந்து கேள்வி பதில்

பைத்தான் நிரல்மொழியில் ரெஜெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைச் சொல்லித் தேடும் குறியீடு) பற்றி எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டும் கேள்விகள். நல்லதுதான், அங்கேதான் ரெஜெக்ஸின் குணம் பளிச்சென்று தெரியும்.

சாட்ஸ்வொர்த், தமிழ் வகுப்பு ஆசிரியை: பிள்ளைகளின் கட்டுரைகளிலிருந்து சொற்பட்டியல் எடுக்கிறேன். பேக்ஸ்லாஷ் டபிள்யூ கூட்டல் (\w+, சொல்லின் பாகமானவற்றைத் தொடர்ந்து எடு) போட்டால் 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டாக உடைகிறது. என் எழுத்துருவில் கோளாறா, அண்ணா?

எழுத்துரு பாவம், அதை விடுங்கள் டீச்சர். பைத்தானோடு வரும் ரீ (re) என்ற ரெஜெக்ஸ் தொகுப்புக்கு எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் சொல்லின் பாகம். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோடில் நம் 'மி' ஒற்றை எழுத்து அல்ல: ம, அப்புறம் இகரக் கொக்கி. கொக்கியும் புள்ளியும் 'எழுத்து' வகையில் சேராமல் 'குறி' வகையில் சேர்ந்தவை. அதனால் த, ம வரை போய்க் கொக்கியில் நின்றுவிடுகிறது. ழ தனியாக வருகிறது, அதன் புள்ளி காணாமல் போகிறது.

எல்லையைப் பைத்தானிடம் விடாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: [ஃ-௺]+ (ஃ முதல் ௺ வரையுள்ள குறியீடுகள், ஒன்றோ பலவோ) என்று எழுதினால் முழுச் சொல் வரும். ஏன் அ-வில் தொடங்கவில்லை என்று கேட்பீர்கள். யுனிகோடு வரிசையில் ஆய்த எழுத்து அகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அ-வில் தொடங்கினால் 'அஃது' உடைந்துபோகும். தனியாக நிறுவும் 'ரெஜெக்ஸ்' என்ற தொகுப்பு குறிகளையும் சொல்லோடு சேர்த்தே எடுக்கும், அதுவும் சரி.

அதே ஆசிரியை: அப்படியானால் சொல் எல்லைக்கான பேக்ஸ்லாஷ் பி (\b) சரியாக வேலை செய்யுமா?

அது இன்னும் வேடிக்கை. 'கண்' என்ற சொல்லை மட்டும் தேட இரு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி போட்டுப் பாருங்கள். 'கண் வலி'யில் கிடைக்காது, 'கண்ணன்' என்ற பெயருக்குள் கிடைக்கும்! புள்ளியும் சொல் இல்லை, அடுத்த இடைவெளியும் சொல் இல்லை, ஆகவே நடுவில் எல்லை இல்லை. கண்ணனிலோ புள்ளிக்கு அடுத்து ண வருவதால் எல்லை முளைத்துவிடுகிறது. இப்படி எழுதுங்கள்:

(?<![ஃ-௺])கண்(?![ஃ-௺])

முன்னாலும் பின்னாலும் தமிழ்க் குறியீடு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பொருள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், குடும்ப வரலாறு தேடுபவர்: 1860-இல் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்களைத் தட்டச்சு செய்கிறோம். ஆங்கில எழுத்தில் மூட்லி, மூடலி, முதலி என்று கண்டபடி இருப்பதை ரீ.சப் (தேடி மாற்றும் கட்டளை) வைத்து ஒன்றாக்கினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காதே என்று இக்னோர்கேஸும் கொடுத்தேன். முதல் இரண்டு மட்டும் மாறின, மற்றவை அப்படியே.

இரண்டு என்றதுமே பிடிபட்டுவிட்டது, தம்பி. ரீ.சப்-இல் வடிவம், மாற்று, உரை ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவது இடம் கொடிகளுக்கு (இக்னோர்கேஸ் போல, தேடும் விதத்தை மாற்றும் குறிப்புகளுக்கு) உரியதல்ல. எத்தனை முறை மாற்றுவது என்ற எண்ணிக்கைக்கு. இக்னோர்கேஸ் கொடியின் மதிப்பு உள்ளே 2. பைத்தான் அதை 'இரண்டு முறை மாற்று' என்று எடுத்துக்கொண்டது. கொடி வேலையே செய்யவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. 'ஃபிளாக்ஸ்=' என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். நானே இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன், அதுவும் மின்வெட்டுக்கு நடுவில். பைத்தான் 3.13 முதல் பெயரில்லாமல் கொடுப்பது கைவிடப்படும் வழக்கமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ரொம்பத் தாமதம்.

இன்னொன்று: முதலியை மூட்லியாக்கும் முன் மூலப் பத்தியை அப்படியே ஒரு நகல் வையுங்கள். எழுத்தர் எழுதிய பிழையும் உங்களுக்குச் சான்றுதான்.

ஃபீனிக்ஸ்: புள்ளி நட்சத்திரம் (.*, எந்தக் குறியீடும் எத்தனை முறையும்) வரி முடிந்ததும் நின்றுவிடுகிறது.

டாட்ஆல் கொடி கொடுங்கள், வரி முடிவையும் தாண்டிப் போகும். வரிதோறும் தொடக்கமும் முடிவும் வேண்டுமென்றால் மல்டிலைன். இரண்டும் வேறு வேறு வேலை.

கோயில் குழு உறுப்பினர்: நன்கொடைப் பட்டியலில் 'கோவிந்தன்' கண்ணுக்குத் தெரிகிறார், தேடினால் பாதி வரிகளில் கிடைக்கவில்லை.

'கோ'வின் குறி சில விசைப்பலகைகளில் ஒரே குறியீடாக வரும். சிலவற்றில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வரும். திரையில் ஒன்றுபோல் தெரியும், ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு. தேடும் முன் உரை, வடிவம் இரண்டையும் யுனிகோடுடேட்டா தொகுப்பின் நார்மலைஸ் வழியாக 'என்எஃப்சி'க்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு) மாற்றுங்கள்.

லெனேசியா: ^([ஃ-௺]+ ?)+$ என்று ஒரு வரியைச் சரிபார்க்கிறேன். கடைசியில் ஒரு காற்புள்ளி இருந்தால் நிரல் உறைந்துவிடுகிறது, அண்ணா.

அடைப்புக்குறிக்கு உள்ளே இருக்கும் கூட்டலும் வெளியே இருக்கும் கூட்டலும் ஒரே எழுத்துகளுக்காகச் சண்டை போடுகின்றன. இடைவெளி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். 30 குறியீடு நீளமுள்ள ஒரே சொல்லை 29 இடங்களில் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம்: 53 கோடிக்கு மேற்பட்ட வழிகள். காற்புள்ளியைக் கண்டதும் அது பின்வாங்கி எல்லாவற்றையும் முயன்று பார்க்கிறது. 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 27 நிமிடம் படுத்ததும் இதே வகைப் பின்வாங்கலால்தான், ஆகவே வெட்கப்பட வேண்டாம். இப்படி மாற்றுங்கள்:

^[ஃ-௺]+( [ஃ-௺]+)* ?$

இப்போது ஒரு சொல்லை ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும். பைத்தான் 3.11 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்கள் பழைய வடிவத்தில் உள்ளே இருக்கும் + ஐ ++ ஆக்கினாலும் போதும், பிடித்ததை அது விடாது. காற்புள்ளி வரியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், உடனே 'இல்லை' என்று வந்துவிடும்.