கிட்டார் வளைவை வீட்லயே அளக்க முடியுமா?

கேள்வி: அண்ணே வணக்கம், மேலூர்லருந்து எழுதுறேன், சர்ச்சுல வாசிக்கிறேன், பழைய அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்டீல் கம்பி. சேடில் (கிட்டார் உடம்புமேல கம்பிய தாங்குற சின்னப் பட்டை) உடைஞ்சுபோச்சுன்னு மதுரையில ஒரு கடையில குடுத்து மாத்துனேன், அதுலருந்து 3வது 4வது கம்பி மட்டும் எங்க புடிச்சாலும் கிர்ருங்குது, ஓரத்து கம்பி ரெண்டும் ஒசரமா நிக்குது. ஃப்ரெட்போர்டோட, அதான் கழுத்துல விரல் வைக்கிற பலகையோட, ரேடியஸ் தெரியணும்ங்கிறாங்க. அத அளக்குற கேஜ் கிடைக்கல, வீட்ல அளக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு தம்பி, கல்யாணப் பத்திரிகை அட்டை ரெண்டு மூணு போதும். உங்க ஃப்ரெட்போர்டு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும், கடைக்காரர் சேடில தட்டையா வச்சுட்டார்னு தோணுது, அதான் நடுக் கம்பி தாழ்ந்து ஃப்ரெட்ல (பலகையில குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) இடிக்குது.

அந்த மேடு ஒரு பெரிய வட்டத்தோட சின்னத் துண்டு, அந்த வட்டத்தோட ஆரம்தான் ரேடியஸ். பழைய ஃபெண்டர் கம்பெனி கிட்டார்ல 7¼ இன்ச், இப்ப வர்ற ஃபெண்டர்ல பெரும்பாலும் 9½, கிப்ஸன் 12, டெய்லர் 15, மார்ட்டின் அக்கூஸ்டிக்ல 16. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் பொதுவா தட்டைதான்.

ஸ்கேல வச்சு மேட்ட அளந்து கணக்கு போடலாம், அகலத்த அகலத்தாலயே பெருக்கி மேட்டோட 8 மடங்கால வகுத்து மேட்டுல பாதிய கூட்டணும், ஆனா நான் அத நம்ப மாட்டேன். 12வது ஃப்ரெட்கிட்ட அகலம் 52 மில்லிமீட்டர்னா, 12 இன்ச் ரேடியஸுக்கு நடு மேடு 1.1 மில்லிமீட்டர்தான், நீங்க 1.0னு படிச்சாலே விடை 13 இன்ச்ச தாண்டிரும், அவ்வளவு நுணுக்கமா வீட்டு ஸ்கேல்ல யாராலயும் படிக்க முடியாது.

அதனால வளைவ வரைஞ்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு ரீப்பர் துண்டுல ஒரு முனையில ஆணி, அங்கருந்து சரியா 10, 12, 14, 16 இன்ச்ல பேனா முனை நுழையிற ஓட்டை. நூல் கட்டி வரையாதீங்க, நூல் இழுபடும். ஆணிய ஊனி அட்டைமேல வில் மாதிரி வரைஞ்சு கோட்டுமேலயே பிளேடால வெட்டுங்க, குழிவா இருக்குற வெளித்துண்டுதான் நமக்கு வேணும், அதுல இன்ச்ச எழுதி வைங்க.

கம்பிய தளர்த்தி ஒதுக்கிட்டு, ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்துமேல அட்டைய குறுக்க நேரா நிறுத்துங்க, ஃப்ரெட் மேல வேணாம், பழைய கிட்டார்ல கம்பி படுற இடம் தேஞ்சிருக்கும். பின்னாடி செல்போன் டார்ச்ச அடிச்சு கண்ண மரத்தோட மட்டத்துக்கு கொண்டுவாங்க. நடுவுல வெளிச்சம் கசிஞ்சா அட்டை அதிகமா வளைஞ்சிருக்கு, அடுத்த பெரிய இன்ச்ச எடுங்க. ஓரத்துல கசிஞ்சு அட்டை ஆடுச்சுன்னா சின்னத எடுங்க. எங்கயுமே வெளிச்சம் வராததுதான் உங்க ரேடியஸ். முதல் ஃப்ரெட்கிட்டயும் கடைசிப் பக்கமும் பாத்துருங்க, சில கிட்டார்ல போகப்போக தட்டையாகும்.

ஒண்ணு சொல்லணும், நான் ஒருதடவ ரெடிமேடா வரைஞ்ச கேஜ பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தேன், பேப்பருக்குள்ள அடங்கணும்னு மிஷின் சுருக்கிருச்சு, 12னு எழுதியிருந்த வளைவு நிஜத்துல 11 சொச்சம், அத வச்சு நல்ல எலும்பு சேடில் ஒண்ண தேச்சுட்டேன். பிரிண்ட் எடுத்தா ஸ்கேல வச்சு சரிபாத்துட்டு வெட்டுங்க.

இப்ப சேடிலுக்கு வருவோம். ஓரத்த மட்டும் தேச்சா ஓரத்துக் கம்பிதான் இறங்கும், நடுவுல கிர்ருங்கிறது போகாது. உங்களுது 16 இன்ச்சா இருந்தா சேடில்ல நடு ஓரத்தவிட கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் ஒசரமா இருக்கணும், 12 இன்ச்னா 1.2. அதனால ஒசரமான புது சேடில் வாங்குங்க, இல்ல இருக்குறதுக்கு அடியில மெல்லிசா மரச்சீவல் வச்சு மொத்தமா தூக்கிட்டு, அதே அட்டைய மேல வச்சு பென்சில்ல கோடு போட்டு ரெண்டு ஓரத்தையும் கோடு வரைக்கும் உப்புத்தாள்ல தேச்சு இறக்குங்க. கொஞ்சம் தேய்ங்க, கம்பிய ஏத்தி வாசிச்சுப் பாருங்க, மறுபடி தேய்ங்க.