பாராலீகல் படிப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் அருகே வசிக்கிறேன். வயது 34. சென்னையில் பி.காம். முடித்து, ஒரு வங்கியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எச்-4 விசாவில் (கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் எனக்கு இப்போது வேலை அனுமதி அட்டை கிடைத்திருக்கிறது. சட்டத்துறைக்குள் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஓர் ஆன்லைன் நிறுவனம் 14 வார வகுப்புக்கு 1,800 டாலர் கேட்கிறது. முடித்தால் ‘சர்டிஃபைடு பாராலீகல்’, அதாவது சான்று பெற்ற வக்கீல் உதவியாளர், ஆகிவிடலாம் என்கிறார்கள். கட்டலாமா? பிறகு லா ஸ்கூல் போவதற்கு இது உதவுமா? ‘எதற்குச் சுற்றி வளைக்கிறாய், நேராக லா ஸ்கூலுக்கே போ’ என்கிறார் கணவர்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இந்த 1,800 டாலரை இப்போது கட்ட வேண்டாம். சட்டத்துறைக்குள் போகும் எண்ணத்தை விட வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் அந்த விளம்பரத்தில் இருக்கும் கோளாறைப் பார்ப்போம். சர்டிஃபிகேட் வேறு, சர்டிஃபிகேஷன் வேறு. ஒரு படிப்பை முடித்ததற்குக் கல்லூரியோ பயிற்சி நிறுவனமோ தரும் தாள் சர்டிஃபிகேட். தொழில்முறைச் சங்கம் ஒன்று வைக்கும் தேர்வில் தேறி வாங்குவது சர்டிஃபிகேஷன். ‘சர்டிஃபைடு பாராலீகல்’, சுருக்கமாக ‘சி.பி.’, என்பது நாலா என்ற பாராலீகல்களின் தேசியச் சங்கம் 1976 முதல் நடத்திவரும் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது. 14 வார வகுப்பை முடித்துவிட்டு அதை ரெஸ்யூமேயில் போட்டால் அது பொய்த் தகவல். வேலைக்கு எடுப்பவர் வக்கீல். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்க வேண்டிய வேலைக்கு வருபவர் முதல் தாளிலேயே தவறாக எழுதியிருந்தால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

அடுத்தது சட்டம் என்ன கேட்கிறது என்பது. டெக்சஸில் பாராலீகலாக வேலை பார்க்க உரிமமோ தேர்வோ கட்டாயமில்லை. ஒரு வக்கீல் உங்களை எடுத்து, தன் மேற்பார்வையில் வேலை கொடுத்தால் போதும். கலிஃபோர்னியா அப்படி இல்லை. அங்கே சட்டமே படிப்புத் தகுதியை வரையறுத்திருக்கிறது. அந்தத் தகுதி இல்லாதவர் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. தகுதி உள்ளவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தொழில் நெறிமுறையில் 4 மணி நேரமும் பொதுச் சட்டத்திலோ ஒரு சிறப்புச் சட்டப் பிரிவிலோ 4 மணி நேரமும் வகுப்பு முடித்துக் காட்ட வேண்டும். கணவரின் வேலை மாறி மாநிலம் மாற வாய்ப்புள்ள குடும்பம் என்றால் இதை மனதில் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

‘அமெரிக்கன் பார் அசோசியேஷன் சான்று’ என்ற பேச்சும் காதில் விழும். அமெரிக்க வக்கீல்களின் அந்தச் சங்கம் தனி ஆட்களுக்குச் சான்று தருவதில்லை, பாராலீகல் படிப்புகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. அப்படி அங்கீகாரம் பெற்ற படிப்பில் சட்டப் பாடங்கள் மட்டுமே குறைந்தது 18 செமஸ்டர் கிரெடிட் (கல்லூரிப் பாட அளவு) இருக்க வேண்டும். 14 வாரத்தில் அவசரமாக முடிக்கிற விஷயமல்ல அது. ‘அந்தத் தரத்துக்கு இணையானது’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அங்கீகாரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலைச் சங்கமே வெளியிடுகிறது. பல கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரிகள்) அதில் இருக்கின்றன.

நாலா தேர்வு எழுத உங்களுக்குப் பொருந்தக்கூடிய வழி ஒன்று உண்டு. எந்தத் துறையிலாவது இளங்கலைப் பட்டமும், பாராலீகலாக ஓராண்டு அனுபவமும் வேண்டும். ஓராண்டு அனுபவம் இல்லையென்றால் அதற்கு ஈடாக 15 செமஸ்டர் கிரெடிட் சட்டப் பாடங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த வகுப்புக்கு எத்தனை செமஸ்டர் கிரெடிட்? அது டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) வருமா?’ பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படிப்பு தேர்வுக்கும் உதவாது.

இன்னொரு சிக்கல் உங்கள் பி.காம். இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டத்தை இங்கே மதிப்பிடும் அமைப்புகள் எல்லாம் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் அமைப்பு முழுப் பட்டம் என்று சொல்லும், இன்னொன்று மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று நிறுத்திக்கொள்ளும். எந்தக் கல்லூரியில் சேரப் போகிறீர்களோ அங்கே எந்த அமைப்பின் மதிப்பீட்டை ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு அனுப்புங்கள். முன்னால் அனுப்பிவிட்டு இரண்டாம் முறை பணம் கட்டுபவர்கள் நிறைய.

இப்போது வேலைச் சந்தை. உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் வந்திருக்கும் பாராலீகல், லீகல் அசிஸ்டென்ட் விளம்பரங்களில் 40 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்செல் தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை வருட அனுபவம், சர்டிஃபிகேட் அல்லது சர்டிஃபிகேஷன் கேட்கிறார்களா, எந்த மென்பொருள். இரண்டு மாலை வேலை இது. ‘கட்டாயம்’ என்பதையும் ‘இருந்தால் நல்லது’ என்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். உங்கள் ஊர் அலுவலகங்கள் எதற்குக் காசு கொடுக்கின்றன என்பதை அந்தத் தாள் காட்டும். விற்பவர் சொல்வதைவிட அதை நம்பலாம். சம்பளத்தைப் பொறுத்தவரை, தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் நாடு முழுதும் பாராலீகல்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 60,970 டாலர். பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள். புதிதாக நுழைபவர் அந்தக் கீழ்ப்பாதியில்தான் தொடங்குவார்.

விளம்பரங்களில் ‘அனுபவம் வேண்டும்’ என்று திரும்பத் திரும்பப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதியை வீட்டிலிருந்தே கற்கலாம்.

கெடு கணக்கிடுவதை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மேல் வழக்குப் போட்டு சம்மன் கொடுத்தாயிற்று. ஃபெடரல் நீதிமன்றம் என்றால் பொதுவாக 21 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சஸ் மாநில நீதிமன்றம் என்றால் கணக்கே வேறு: 20 நாள் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. இருபதாம் நாளே திங்கட்கிழமையாக விழுந்தால் அடுத்த திங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைத் தவறவிட்டால், அவர் பதிலைக் கேட்காமலே எதிர்த் தரப்பு தீர்ப்பு வாங்கிவிடும் அபாயம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. காலண்டரை ஒழுங்காக வைத்திருக்கும் பாராலீகலை வக்கீல்கள் விட மாட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று அந்தரங்கத் தகவலை மறைப்பது. ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆவணத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பிறந்த தேதியில் ஆண்டு மட்டும், சிறார் பெயரில் தலைப்பெழுத்து மட்டும்தான் இருக்கலாம். புதியவர்கள் பிடிஎஃப்-இல் எண்ணின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். வரியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் எண் வெளியே வந்துவிடும். ரெடாக்‌ஷன் கருவியால் அழித்து, சேமித்து, மீண்டும் திறந்து தேடிப் பார்க்க வேண்டும். நேர்காணலில் இந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரை வக்கீல் கவனிப்பார்.

ஃபெடரல் வழக்குகளின் உண்மையான ஆவணங்களை பேஸர் என்ற நீதிமன்ற இணையத்தில் யாரும் படிக்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் கட்டணமே இல்லை. ஒரு வழக்கை எடுத்து, புகாரிலிருந்து தீர்ப்பு வரை வரிசையாகப் படியுங்கள். எந்தத் தேதியில் எது தாக்கலானது என்று நீங்களே ஒரு காலவரிசை எழுதுங்கள். முதல் மாதம் அலுவலகத்தில் செய்யப்போகும் வேலை அதேபோலத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி இருக்கிறது: ஆறு வருட வங்கி வேலை. இங்கே வக்கீல்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனி டிரஸ்ட் கணக்கில் வைக்க வேண்டும், தங்கள் பணத்தோடு கலக்கக் கூடாது. அதை ஒழுங்காக நடத்த வங்கி அறிக்கை, டிரஸ்ட் லெட்ஜர், ஒவ்வொரு வாடிக்கையாளரின் தனி லெட்ஜர்களின் கூட்டுத்தொகை ஆகிய மூன்றும் மாதாமாதம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன அலுவலகங்களில் தடுமாறும் இடம் இது. கணக்கு பிசகினால் வக்கீலின் உரிமத்துக்கே ஆபத்து. உங்களுக்கு இது கைவந்த வேலை. அதனால் பாராலீகல் என்ற பெயருள்ள வேலைக்கு மட்டும் விண்ணப்பிக்காமல் பில்லிங் கிளார்க், டாக்கெட் கிளார்க் (வழக்குத் தேதிகளையும் தாக்கல்களையும் குறித்து வைப்பவர்), லீகல் அசிஸ்டென்ட் வேலைகளுக்கும் விண்ணப்பியுங்கள். திவால் வழக்கு, உயில்-வாரிசு வழக்கு பார்க்கும் அலுவலகங்களை முதலில் தேடுங்கள். டெக்சஸில் உயிலை நிறைவேற்றுபவர் பொறுப்பேற்ற 90 நாளுக்குள் சொத்துப் பட்டியல் தயாராக வேண்டும். வங்கிக் கணக்கையும் கடனையும் பார்த்துப் பழகியவருக்கு அது அந்நியமான தாள் இல்லை.

இன்னொரு வாசலும் உண்டு. குடியேற்றச் சட்டத்தில், அமெரிக்க நீதி அமைச்சகம் அங்கீகரித்த லாப நோக்கில்லாத சட்ட உதவி அமைப்புகளில் பணியாற்றுபவர், வக்கீலாக இல்லாமலே ‘அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி’ ஆகலாம். அமைப்புதான் உங்களுக்காக விண்ணப்பிக்கும். தன்னார்வலராக வாரம் ஒரு நாள் போய்த் தொடங்கினால் தமிழ் தெரிந்தவர் என்ற பலமும் சேரும். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். தமிழ்ச் சங்க விழாவில் யாராவது ‘இந்த ஃபாரத்தை ஒரு பார்வை பாரேன்’ என்று நீட்டுவார்கள். வக்கீலின் மேற்பார்வையோ அந்த அங்கீகாரமோ இல்லாமல், எந்த ஃபாரம் போட வேண்டும், எந்தப் பதிலை எழுத வேண்டும் என்று சொன்னால் அது உரிமமில்லாமல் வக்கீல் தொழில் பார்ப்பது, சட்டம் அதைத் தடுக்கிறது. காசு வாங்கவில்லை என்பது காப்பாற்றாது.

விசா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வேலை அனுமதி கணவரின் எச்-1பி நிலையோடு கட்டப்பட்டது. பாராலீகல் வேலையைக் காட்டி நீங்களே எச்-1பி வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாண்டு அசோசியேட் பட்டமே நுழையப் போதும் என்பதால், குடியேற்றத் துறை இதைச் சிறப்புத் தகுதி தேவைப்படும் வேலையாகப் பொதுவாக ஏற்பதில்லை. அட்டை எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, அதற்குள் முடியும் செலவுகளை மட்டும் செய்யுங்கள்.

லா ஸ்கூல் கேள்விக்கு வருவோம். பாராலீகல் பாடங்களுக்கு அங்கே கிரெடிட் கிடையாது, மூன்றாண்டும் முழுதாகப் படிக்க வேண்டும். சேர்க்கையில் பார்ப்பது எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண், பட்ட மதிப்பீடு, கட்டுரை, அனுபவம். கணவர் சொல்வது தவறில்லை, ஆனால் அவசரம். ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஓராண்டு உட்கார்ந்து பார்த்தால், ஆறு நிமிடத்துக்கு 0.1 மணி என்று நேரத்தை எழுதிக்கொண்டு, நாள் முழுதும் ஆவணம் படிக்கும் இந்த வாழ்க்கை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். லா ஸ்கூல் கடனோடு ஒப்பிட்டால் அந்த ஓராண்டு மிக மலிவு. (இதைப் படிக்கும் பி.எல். பட்டதாரிகளுக்கு: உங்களுக்குப் பாராலீகல் படிப்பு தேவையே இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் வக்கீலாகப் பதிவு செய்தவர்களைக் கலிஃபோர்னியா மேற்படிப்பு இல்லாமலே பார் தேர்வு (வக்கீல் உரிமத் தேர்வு) எழுத விடுகிறது. நியூயார்க்கில் பட்டத்தைப் பொறுத்து, நேரடியாகவோ 24 கிரெடிட் எல்.எல்.எம். முடித்தோ எழுதலாம். முதலில் அதை விசாரியுங்கள்.)

நான்கு மாதம் விண்ணப்பித்தும் நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை, உங்கள் 40 விளம்பரத் தாளில் பாதிக்கு மேல் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள் என்றால் அப்போது பணம் கட்டுங்கள். அதுவும் அங்கீகாரம் பெற்ற, கிரெடிட் தரும், இன்டர்ன்ஷிப் சேர்ந்த கம்யூனிட்டி காலேஜ் படிப்புக்கு. நாலா தேர்வை வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆன பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சில அலுவலகங்கள் கட்டணத்தையே ஏற்றுக்கொள்ளும். வாங்கிய பிறகும் ஐந்தாண்டுக்கு 50 மணி நேரத் தொடர் வகுப்பு இருக்கிறது, அதில் 5 மணி தொழில் நெறிமுறை. டெக்சஸுக்கே உரிய சிறப்புப் பிரிவுச் சான்றும் உண்டு. அதற்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்பதால் இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இந்த வாரம் ரெஸ்யூமேயைத் திருத்துங்கள். புகைப்படம், பிறந்த தேதி, திருமண விவரம், தந்தை பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வங்கி அனுபவத்தை ‘கணக்குகள் பார்த்தேன்’ என்று எழுதாமல், மாதம் எத்தனை கணக்குகளைச் சரிபார்த்தீர்கள், எத்தனை வித்தியாசங்களைக் கண்டுபிடித்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். அந்த ஆன்லைன் நிறுவனத்திலிருந்து மறுபடி போன் வந்தால், பணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.