தண்ணீர் கலக்காத பாலிலும் எஸ்.என்.எஃப் குறைவது ஏன்?

கேள்வி: ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். இளையது கன்று போட்டு இரண்டரை மாதம், ஒரு நாளைக்கு 9 லிட்டர் கறக்கிறது. மூத்தது ஐந்தாவது ஈத்து, 6 லிட்டர். பங்குனியிலிருந்து பால் சொசைட்டியில் கொழுப்பு 4.2 வந்தாலும் எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) 7.9-ஐத் தாண்டவில்லை. விலையும் குறைகிறது, "தண்ணி ஊத்துனீங்களா" என்ற பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்ததில்லை. பசுந்தீவனம் இல்லை. சோளத்தட்டு, தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்குதான். மூத்த மாட்டுக்குப் பின்பக்க இடது காம்பில் பால் குறைவு, ஆனால் வீக்கம் இல்லை. இதை விற்றுவிட்டு நாட்டு மாடு வாங்கி ஏ2 பால் விற்கலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பேச்சை மனசிலிருந்து எடுத்து வையுங்கள், அம்மா. தண்ணீர் சேர்ந்தால் கொழுப்பும் கூடவே இறங்கும். உங்கள் பாலில் கொழுப்பு நிற்கிறது, எஸ்.என்.எஃப் மட்டும் சரிகிறது. இது தீவனத் தொட்டியிலும் மடியிலும் தேட வேண்டிய குறை. இன்னும் சந்தேகப்பட்டால், பால் கூட்டுறவு ஒன்றியத்தின் ஆய்வகத்தில் உறைநிலைச் சோதனை (பால் எந்தக் குளிரில் உறைகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் சேர்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும், சேராவிட்டால் உங்கள் பேர் காப்பாற்றப்படும்.

எஸ்.என்.எஃப் என்பது பாலில் கொழுப்பும் தண்ணீரும் போக மிஞ்சுவது. நல்ல பசும்பாலில் பால் சர்க்கரை ஏறக்குறைய 4.7 சதவீதம், புரதம் 3.3, தாது உப்புகள் 0.7 இருக்கும். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப் 8.3. உங்களுக்குக் குறைவது 0.4. பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரில் ஒரு கோடு இறங்கினால் எஸ்.என்.எஃப் 0.25 குறையும், ஆக உங்கள் குறை ஒன்றரைக் கோடுதான். கறந்த சூட்டோடு, நுரையோடு அளந்தாலே கொஞ்சம் குறைத்துக் காட்டும். பாலில் சிக்கிய காற்றும், இன்னும் இறுகாத கொழுப்பும்தான் காரணம். ஆற விட்டு, நுரை அடங்கியதும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றரை மாதமாக ஒரே மாதிரி குறைவதற்கு அளவையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

சோளத்தட்டுக்கு வருவோம். மாட்டின் முதல் வயிற்றில் நார் நொதித்து அசிட்டிக் அமிலம் ஆகிறது, அதிலிருந்துதான் பால் கொழுப்பு உருவாகிறது. தட்டு நிறையத் தின்னும் மாட்டுக்குக் கொழுப்பு நிற்பது இதனால்தான். பால் சர்க்கரையின் கதை வேறு. மாவுச்சத்து நொதித்து புரோப்பியானிக் அமிலமாகி, கல்லீரலில் குளுக்கோஸாக மாறி, அது மடிக்கு வந்த பிறகுதான் லாக்டோஸ் ஆகும். புரதத்தின் பெரும்பங்கும் அந்த வயிற்று நுண்ணுயிர்களிடமிருந்து வருவதுதான், அவை பெருகவும் மாவுச்சத்து வேண்டும். தவிட்டில் அது போதாது. போதாக்குறைக்கு வெயிலில் மாடு தீனியையே குறைத்துவிடும். இளைய மாட்டின் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கையில் தட்டுப்பட்டால், அது தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது என்று அர்த்தம்.

உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1 என்ற கணக்கில் 100 கிலோ கலந்துகொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. இளைய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ, மூத்ததற்கு 4 கிலோ வரும். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வயிற்றில் அமிலம் கூடி மாடு தீனி மறந்துவிடும். பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். கொஞ்சம் தண்ணீர் வசதி இருந்தால் பத்து சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் ஊன்றுங்கள், வேலி ஓரத்தில் அகத்தி வையுங்கள். வாடிய இளஞ்சோளப் பயிரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள சயனைடு நச்சு அரைமணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும். தட்டை வெயில் இறங்கிய பிறகும் விடியற்காலையிலும் போடுங்கள், தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூத்த மாட்டின் அந்தப் பின் இடது காம்பு. வீக்கம் இல்லை, கட்டி இல்லை, பால் வெள்ளையாகவே வருகிறது, ஆனாலும் குறைகிறது என்றால் மறைமுக மடிநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமியை எதிர்க்க உடம்பு வெள்ளணுக்களை மடிக்கு அனுப்பும். நல்ல மடியில் ஒரு மில்லி பாலில் இந்த அணுக்கள் 2 லட்சத்துக்குள் இருக்கும். ஐரோப்பாவில் 4 லட்சத்தைத் தாண்டிய பாலை வாங்குவதில்லை. நோய் வந்த காம்பில் பால் சர்க்கரை குறைந்து உப்பு ஏறும். காய்ச்சிய பாலை வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும். எஸ்.என்.எஃப் அங்கேயும் கசிகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி தண்ணீரில் துணி துவைக்கும் சோப்புத்தூள் 3 கிராம் கரையுங்கள். நான்கு கிண்ணம் எடுத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியாக விட்டுவிட்டு, காம்புக்கு ஒரு கிண்ணம் என்று கொஞ்சம் கறங்கள். அதே அளவு கரைசலை ஊற்றி, கிண்ணத்தை வட்டமாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர் போலவே ஓடும். நோயுள்ள பால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று திரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் மொத்தமாக நழுவும். சோப்பு வெள்ளணுக்களை உடைப்பதால் வெளிவரும் மரபுப்பொருள்தான் அந்தக் கொழகொழப்பு. கால்நடை மருத்துவர்கள் 1957 முதல் பயன்படுத்தும் கலிபோர்னியா சோதனையும் இதே தத்துவம்தான்.

திரண்டால் கடையில் ஊசி மருந்து வாங்கிப் போட வேண்டாம். பால் மாதிரியை மருத்துவரிடம் கொடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்த்த பிறகே சிகிச்சை. மருந்து போட்டால் சொன்ன நாள்வரை பாலை ஊற்றாதீர்கள். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடத் தோயாது. தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறையையும் மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15, மூன்றையும் அரைத்து மடியில் பூசுவது. இனிமேல் அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள், கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்காமல் முழுக்கையால் கறங்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, உடனே தட்டு போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துவாரம் மூடுவதற்குள் மாடு படுத்தால் சாணியில் இருக்கும் கிருமி நேராக உள்ளே போய்விடும்.

புண்ணாக்கு பற்றி ஒரு வார்த்தை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருக்கும் அஃப்லாடாக்சின் ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் 368-ல் இந்த நச்சு அளவு மீறியிருந்தது, அதிலும் நம் தமிழ்நாடுதான் முன்னால் நின்றது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தான். மக்கல் வாசனை வந்தால், விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஏ1, ஏ2 என்பது பாலின் பீட்டா கேசீன் புரதத்தில் இருக்கும் 209 அமினோ அமிலங்களில் 67-ஆவது இடத்தில் மட்டும் உள்ள வேறுபாடு. நம் நாட்டு மாடுகளிலும் எருமையிலும் பெரும்பாலும் ஏ2 தான், உங்கள் ஜெர்சிக் கலப்பிலும் அது இருக்க வாய்ப்புண்டு. ஏ1 பால் சர்க்கரை நோயும் இதய நோயும் தரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் ஆராய்ந்து, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. நம் ஆணையம் 2024 ஆகஸ்டில் பொட்டலத்தில் ஏ2 என்று போடக்கூடாது என்றது, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இப்படி ஆடும் சந்தையை நம்பி 15 லிட்டர் கறக்கும் தொழுவத்தைக் கலைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காங்கயம் மாடு உங்கள் மண்ணின் செல்வம், ஆசை இருந்தால் ஒன்று வளருங்கள். ஆனால் அது நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் தரும், சொசைட்டி வருமானத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

நாளைக் காலை இரண்டு மாட்டுப் பாலையும் தனித்தனியாகக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள், அன்று மாலையே கிண்ணச் சோதனையைச் செய்யுங்கள். தீவனம் மாறி மூன்று வாரத்தில் இளைய மாட்டின் எஸ்.என்.எஃப் ஏறத் தொடங்க வேண்டும். ஏறவில்லை என்றால், நான்கு கிண்ணங்களில் எது திரண்டது என்ற விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.